தாண்டிக்குடி மலையும் ஒரு தம்ளர் காப்பியும்

பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கப் புறப்படும் குருவானவர் தப்ப முடியாத பொருள் ஒன்று உண்டு, அது காப்பி. “சாமி, ஒரு வாய் காப்பி” என்னும் சொல், நாம் செருப்பைக் கழற்றும் முன்பே வாசற்படிக்கு வந்துவிடும். வேண்டாம் என்றால் வீட்டு அம்மாவின் முகம் வாடும். சரி என்றால் அடுத்த வீட்டாருக்கும் அதே உரிமை உண்டாகிவிடும். ஒரே மாலையில் பன்னிரண்டு வீடுகளைச் சந்தித்துப் பன்னிரண்டு தம்ளர் அருந்தி, இரவெல்லாம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்த அனுபவம் நம் சக குருக்கள் பலருக்கும் உண்டு.

குருமடத்தில் நாம் பயின்ற நாட்களிலும் காப்பி இருந்தது. பெரிய அண்டாவில் பாலும் தூளும் சர்க்கரையும் ஒன்றாகக் கொதித்து, அலுமினியக் குவளையில் ஊற்றப்பட்ட பானம் அது. அதைக் காப்பி என்று ஏற்பதற்கும் ஓரளவு விசுவாசம் தேவைப்பட்டது. இப்படிக் குடித்துக் குடித்துப் பழகிய பொருளை அதன் பிறப்பிடத்திலேயே காணும் வாய்ப்பு ஈராண்டுகளுக்கு முன் மார்கழியில் நமக்குக் கிடைத்தது. அதன் பயனாக நம் குருமனையின் அடுக்களையில் ஒரு புதுப் பழக்கம் குடிபுகுந்தது. அக்கதையை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

குருமடத்தில் நம்மோடு பயின்ற நண்பர் ஒருவர் கீழ்ப்பழனி மலைப் பங்கு ஒன்றில் பணியாற்றுகிறார். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் பாவசங்கீர்த்தனம் கேட்க உதவிக்கு வருமாறு அவர் அழைத்திருந்தார். நான்கு நாட்கள் தங்குவதாக ஒப்புக்கொண்டு வத்தலக்குண்டில் பேருந்து ஏறினோம்.

கொடைக்கானலை அறியாதவர் இல்லை. வத்தலக்குண்டிலிருந்து கார்களும் சுற்றுலாப் பேருந்துகளும் அங்குதான் விரைகின்றன. தாண்டிக்குடிக்குப் போகும் பேருந்தில் மலைவாழ் மக்களும், கோழிக் கூடைகளும், உர மூட்டைகளுமே பயணம் செய்கின்றன. முதலில் வருவது பட்டிவீரன்பட்டி. சென்னைப் பாண்டி பஜாருக்குப் பெயர் தந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் (1893–1953) அவர்களின் சொந்த ஊர் இது. மலையில் விளையும் காப்பிக்கு இதுவே சந்தை. மேலிருந்து மூட்டைகளில் இறங்கும் கொட்டையை மேல்தோல் நீக்கிச் சுத்தம் செய்து, சல்லடையிட்டுத் தரம் பிரிக்கும் ஆலைகள் இங்கு உண்டு. இத்தகைய ஆலைகளில் பெண்கள் வரிசையாக அமர்ந்து, கறுத்த கொட்டை, உடைந்த கொட்டை, பூச்சி துளைத்த கொட்டை ஆகியவற்றை விரலால் பொறுக்கி நீக்குவது நெடுங்கால வழக்கம்.

அய்யம்பாளையத்தின் தென்னந்தோப்புகளும் மருதாநதி அணையின் நீர்ப்பரப்பும் பின்னே போக, சித்தரேவைக் கடந்து பேருந்து மலை ஏறத் தொடங்கியது. வெப்பம் வளைவுக்கு வளைவு குறைந்தது. பெரும்பாறை வந்ததும் நம்மருகே இருந்த பெரியவர் துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டார். தடியன்குடிசையில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதையும் கடந்து போனால் சாலையின் இரு மருங்கிலும் காடு. காடு என்றா சொன்னோம்? முதலில் அப்படித்தான் தோன்றும். வானளாவிய சில்வர் ஓக் மரங்கள், அவற்றைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகள், பலா, ஆரஞ்சு, கல்யாண முருங்கை, இடையிடையே மலைவாழை. இவற்றின் நிழலில், ஆள் உயரத்துக்குக் கத்தரித்து விடப்பட்ட, பளபளக்கும் கரும்பச்சை இலைச் செடிகள். அவைதாம் காப்பி. வெயில் நேரே படும் வெளிகளில் இதைப் பயிரிடும் நாடுகள் பல உண்டு. நம் நாட்டு மலைகளில் மர நிழலில் வளர்ப்பதே வழக்கம். பழம் நிதானமாகப் பழுக்கும். மலைச்சரிவின் மண்ணும் மழையில் கரையாது நிற்கும்.

தாண்டிக்குடி ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. முருகன் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்ததால் ஊருக்கு இப்பெயர் வந்தது என்பது மலைமக்கள் வழக்கு. ஊரைச் சுற்றிப் பழங்கால மக்கள் எழுப்பிய கல்திட்டைகள் சிதறிக் கிடக்கின்றன. செண்பகனூரில் வாழ்ந்த இயேசு சபைக் குரு ஆங்லாத் அடிகள் இம்மலைகளின் கல்திட்டைகளை நியூட்டன் என்பவரோடு சேர்ந்து ஆராய்ந்து எழுதிய நூலை 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. காப்பி வாரியத்தின் வட்டார ஆராய்ச்சி நிலையமும் இவ்வூரில் உண்டு. கல்திட்டை பார்க்க வேண்டும் என்றுதான் நாம் நண்பரிடம் சொல்லியிருந்தோம். அவரோ மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும், பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவருடைய மூன்று ஏக்கர் தோட்டத்துக்கு நம்மை அழைத்துப் போனார். கல்திட்டை இன்னும் பாக்கியாகவே நிற்கிறது.

அது பறிப்புக் காலம். பங்குனி, சித்திரையில் ஒரு நல்ல மழை பெய்தால், எட்டு ஒன்பது நாட்களில் செடியெல்லாம் வெண்பூக்களாக மாறிவிடுமாம். மல்லிகையை ஒத்த மணம் மூன்று நான்கு நாட்கள் மலையை நிறைக்கும், பிறகு உதிர்ந்துவிடும். அந்த மழைக்குப் ‘பூ மழை’ என்று பெயர். அது தவறினால் ஆண்டு முழுவதும் செய்த வேலை வீண். பூ உதிர்ந்து எட்டு ஒன்பது மாதம் சென்று, கார்த்திகை முதல் தை வரை பழம் சிவக்கிறது. ஒரு கிளையிலேயே பச்சைக் காய், மஞ்சளித்த காய், செம்பழம் மூன்றும் கலந்திருக்கும். செம்பழத்தை மட்டும் பறித்து மற்றதை விட்டுவைக்க வேண்டும். ஆகையால் ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை வந்து போகவேண்டியிருக்கிறது.

ஒரு பழத்தை வாயிலிட்டுப் பார்த்தோம். மெல்லிய இனிப்பு, காப்பிச் சுவையின் சாயல் சிறிதும் இல்லை. தோலுக்குள் வழுவழுப்பான பசை. அதற்குள் முகத்தோடு முகம் பார்த்தபடி இரு கொட்டைகள். சில பழங்களில் ஒன்று மட்டும் உருண்டு திரண்டிருக்கும். கடைக்காரர் ‘பீபெரி’ என்று விலை கூட்டிச் சொல்வது அந்த ஒற்றைக் கொட்டையைத்தான். பறித்த பழத்தை அன்றே இயந்திரத்திலிட்டுத் தோலுரித்து, தொட்டியில் ஊறவைத்துப் பசை நீங்கக் கழுவி, களத்தில் காயவைப்பது ஒரு முறை. பழத்தை முழுதாகவே இரண்டு மூன்று வாரம் வெயிலில் உலர்த்துவது மற்றொரு முறை. சிறு விவசாயிகளுக்குத் தண்ணீரும் தொட்டியும் எங்கே? அவர்கள் பெரும்பாலும் உலர்த்தியே விற்கிறார்கள். அதற்கு விலையும் சற்றுக் குறைவு. ஏறக்குறைய ஆறு கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ கொட்டை கிடைக்கும்.

இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு எட்டுப் பத்துப் பெண்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். இரு கைகளும் தனித்தனியே வேலை செய்ய, கண் மட்டும் அடுத்த கிளையைத் தேடுகிறது. கையுறை கிடையாது. இலைகளின் அடியில் கூடு கட்டியிருக்கும் எறும்புகள் கையெல்லாம் ஏறுகின்றன. அதை அவர்கள் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. பத்து மணிக்குத் தேநீருக்காக மரத்தடியில் அமர்ந்தபோது, அவர்களில் மூத்தவரான ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தோம். அறுபது வயதைக் கடந்தவர். வாழ்க்கைப்பட்டு இம்மலைக்கு வந்த நாளிலிருந்து பறிக்கிறாராம்.

“இத்தனை வருசம் பறிக்கிறீங்களே பாட்டி, இந்தக் காப்பி எப்படி இருக்கும்?” என்று கேட்டோம்.

அவர் சிரித்துவிட்டார். “யாருக்குச் சாமி தெரியும்? அது விக்கிற சரக்கு. கொட்டையாகி எங்க கண்ணுக்குப் படுறதுக்குள்ள வண்டி ஏறிடும். நாங்க கடையில டீத்தூள் பொட்டலம் வாங்கிக்கிறோம்.”

சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். கேள்வியே அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. நமக்கு மட்டும் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ள முடியவில்லை.

அதே நண்பகலில் தோட்டக்காரர் வீட்டில் உணவு. திண்ணையில் கூரை தொடும் அளவுக்குக் காப்பி மூட்டைகள். உணவுக்குப் பின் காப்பி வந்தது. கடையில் வாங்கிய தூள். பாதிக்குப் பாதி சிக்கரி. குடிபானமாக அதில் குறையில்லை. ஆனால் மூட்டைகளின் மேல் சாய்ந்துகொண்டே அதை அருந்துவது விந்தையாக இருந்தது. காரணத்தைத் தோட்டக்காரரின் தகப்பனார் விளக்கினார். முன்பெல்லாம், வீட்டுக்கும் விதைக்கும் ஒதுக்கிய சிறு அளவு நீங்கலாக, விளைந்தது முழுவதையும் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். 1990-களில் அந்த ஏற்பாடு படிப்படியாக விலகி, யாருக்கும் விற்கலாம் என்றாயிற்று. “சட்டம் போயிருச்சு சாமி, பழக்கம் போகல. வறுக்கவும் இடிக்கவும் யாருக்கு நேரம்?” என்றார்.

நேரம் உள்ளவர் ஒருவர் இருந்தார். அவர் அவ்வூரின் பழைய உபதேசியார். வயது எழுபத்தெட்டு. மலைக்குருவானவர் மாதம் ஒருமுறை வந்து போன காலத்தில், ஞாயிறுதோறும் செபமாலை சொல்லி மக்களைக் கூட்டி வைத்தவர். அன்று மாலை நம் நண்பர் அவர் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். “தோத்திரம் சாமி” என்று வரவேற்றவர், நாம் காப்பியைப் பற்றிக் கேட்டதும் ஒன்றும் பேசாமல் அடுப்பை மூட்டினார்.

இரும்பு வாணலி நன்றாகக் காய்ந்ததும் இரண்டு கைப்பிடிப் பச்சைக் கொட்டையைப் போட்டார். பச்சை என்றால் இலைப்பச்சை இல்லை. சாம்பல் கலந்த நீலப்பச்சை. மரக்கரண்டியால் கிண்டும் கை ஒரு கணமும் நிற்கவில்லை. முதலில் வைக்கோல் மணம். பிறகு நிறம் மஞ்சளாகி, ரொட்டி வேகும் வாசனை. பத்து நிமிடம் சென்றிருக்கும். கடுகு வெடிப்பதைவிடக் கனமான ‘பட், பட்’ என்ற ஒலி கேட்டது. கொட்டையின் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெடித்து வெளியேறும் ஓசை அது. கொட்டை உப்பியது, மெல்லிய வெள்ளித் தோல் உதிர்ந்து பறந்தது, புகை எழுந்தது.

“மொத வெடிக்கு அப்புறம் கண்ணை எடுக்கக் கூடாது சாமி. ரெண்டாவது வெடி சின்னதா, சடசடன்னு வரும். அது வர்றதுக்கு முன்னாடி எறக்குனா புளிப்பும் மணமும் நிக்கும். வந்து நாலு சடசடப்புல எறக்குனா கசப்பும் கனமும் நிக்கும். அதுக்கும் மேல விட்டா கரி.”

இறக்கியதை உடனே முறத்தில் கொட்டிப் புடைத்தார். வாணலியிலேயே விட்டால் தன் சூட்டிலேயே கொட்டை கருகிப்போகுமாம். ஒரு நாள் பொறுத்தே அரைக்க வேண்டும் என்றும் சொன்னார். வறுத்த கொட்டைக்குள் அடைபட்ட கரியமில வாயு வெளியேற அவ்வளவு நேரம் வேண்டும் என்று நூல்களும் கூறுகின்றன. அவர் எந்த நூலும் படித்தவர் அல்லர். அன்று நமக்காக முந்தின நாள் வறுத்ததை எடுத்து உரலில் இடித்தார். கொதித்த நீரை இறக்கிவைத்துத் தூளைப் போட்டு மூடி, சற்றுப் பொறுத்துத் துணியில் வடிகட்டி, கருப்பட்டி சேர்த்துக் கொடுத்தார். பால் இல்லை.

அந்தச் சுவையை எழுத்தில் காட்ட இயலாது, முயலவும் போவதில்லை. ஆரஞ்சுத் தோலின் சாயல் ஒன்று அதில் இருந்தது என்று மட்டும் சொல்வோம். அத்தனை ஆண்டுகள் பாலையும் சர்க்கரையையும் சிக்கரியையும் தாண்டி நம் நாக்குக்கு எட்டாதிருந்த ஒன்று அன்று எட்டியது.

இவ்வித்தையை யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டபோது, தம் பாட்டியிடம் என்றார். அந்தப் பாட்டியின் மாமனார் கண்டிச் சீமைக்குக் கோப்பித் தோட்ட வேலைக்குப் போனவராம். போனவர் திரும்பவில்லை. கல்லறை எங்கே என்றும் தெரியாது. உபதேசியார் இதை வருத்தத்தோடு சொல்லவில்லை. வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்வது போலவே சொன்னார்.

இந்தச் செய்தி அவர் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. எத்தியோப்பியக் காடுகளில் தோன்றி, ஏமன் நாட்டில் பானமாக உருப்பெற்ற காப்பி, நம் நாட்டுக்கு வந்ததைப் பற்றி ஒரு மரபு வழங்குகிறது. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புடன் என்னும் இஸ்லாமியப் பெரியார் ஏமனிலிருந்து ஏழு விதைகளைக் கொணர்ந்து கன்னட நாட்டுச் சந்திரகிரி மலையில் ஊன்றினார் என்பது அது. பெருந்தோட்டப் பயிராக அது விரிந்தது ஆங்கிலேயர் காலத்தில். 1830-களுக்குப் பின் இலங்கையின் கண்டி மலைகளில் காடுகள் அழிந்து காப்பித் தோட்டங்கள் எழுந்தபோது, அவற்றில் உழைத்தவர்கள் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து சென்ற ஏழைத் தமிழர். தோணியில் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே பல நாட்கள் நடந்து மலைநாட்டை அடைந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1869-இல் இலைத்துரு என்னும் பூஞ்சை நோய் அத்தோட்டங்களில் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் காப்பி அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. இன்றும் இலங்கைத் தமிழர் நாவில் அது ‘கோப்பி’யாகவே நிற்கிறது. தமிழகத்துச் சாதாரண வீடுகளில் காப்பி புகுந்ததோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். காலையில் நீராகாரம் குடித்த குடும்பங்கள் இந்தக் கறுப்பு நீருக்கு அடிமையாகின்றனவே என்று அன்றைய பெரியவர்கள் பத்திரிகைகளில் கண்டித்து எழுதினார்கள். ஆக, நம்மவர் காப்பியைக் குடிக்கக் கற்கும் முன்பே அதற்காகச் சாகக் கற்றுவிட்டார்கள்.

திருச்சபையோடும் காப்பிக்கு உறவு உண்டு. இது மகமதியரின் பானம், கிறிஸ்தவர் அருந்தலாகாது என்று சிலர் முறையிட்டபோது, எட்டாம் கிளமெந்து பாப்பரசர் (1592–1605) ஒரு மிடறு பருகிப் பார்த்து, அதன் சுவையில் மகிழ்ந்து ஆசீர்வதித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. வரலாற்றுச் சான்று தேடுவோர் அதை விட்டுவிடலாம். காப்பி அருந்தும் குருக்கள் விடமாட்டார்கள். நுரை பொங்கும் ‘கப்புச்சினோ’வுக்குப் பெயர் கொடுத்தது கப்பூச்சின் துறவியரின் பழுப்பு அங்கியே என்பதில் மட்டும் ஐயமில்லை.

நாம் புறப்படுவதற்கு முந்தின மாலை, உபதேசியார் ஒரு பெரிய பானை காப்பி வடித்துக் கோயில் முற்றத்துக்குக் கொண்டுவந்தார். பறிப்புப் பெண்களும் வந்திருந்தார்கள். மரத்தடியில் பேசிய அந்த அம்மாவுக்கு நாமே ஒரு தம்ளர் எடுத்துக் கொடுத்தோம். ஒரு மிடறு குடித்தார். நெற்றியைச் சுருக்கினார்.

“மணமாத்தான் இருக்கு. ஆனா கசக்குதே சாமி! இதுக்கா இம்புட்டுப் பேரு அலையுறாங்க?”

பிறகு இன்னும் கொஞ்சம் கருப்பட்டி கேட்டு வாங்கிக் கலக்கி, முழுவதையும் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவி வைத்தார். அடுத்த நாள் கூலியைப் பற்றிப் பக்கத்திலிருந்தவரோடு பேசப் போய்விட்டார்.

நாம் மலையிறங்கும்போது ஐந்து கிலோ பச்சைக் கொட்டை நம்மோடு இறங்கியது. உபதேசியாரின் மகன் தன் அரை ஏக்கரில் விளைந்ததைத் தோல் நீக்கிச் சுத்தம் செய்து கொடுத்தது. வியாபாரி கொடுக்கும் விலையைத்தான் கேட்டார். கடையில் கொட்டைக்கு என்ன விலையோ அதைக் கொடுத்தோம். இரண்டுக்கும் இருந்த இடைவெளியை இங்கே எழுதுவதற்கில்லை. எழுதினால் அடுத்த முறை அவர் வாங்க மறுப்பார்.

சமவெளியில், நம் குருமனை அடுக்களையில், பயிற்சி தொடங்கியது. நம் சமையற்காரர் முதலில் இதை ஒப்பவில்லை. கடையில் கிடைக்கும் தூளை விட்டுவிட்டு வீட்டைப் புகையாக்குவது அவருக்குக் குழந்தை விளையாட்டாகப் பட்டது. பின்வாசலில் தனி அடுப்பு வைத்துச் சமாதானம் செய்துகொண்டோம். பங்கிலுள்ள மூதாட்டி ஒருவர் தம் மாமியார் காலத்துப் பித்தளை பில்டரைப் பரணிலிருந்து இறக்கிப் புளிபோட்டுத் தேய்த்துக் கொடுத்தார். பலகையில் பொருத்திக் கையால் சுழற்றும் பழைய காப்பி இயந்திரம் ஒன்றும் மற்றொரு வீட்டிலிருந்து வந்தது. அதைச் சுழற்றப் பீடச் சிறுவர்களிடையே போட்டி. அவர்களுக்குக் காப்பி கிடையாது, பிஸ்கட் மட்டுமே என்று சொல்லியும் போட்டி குறையவில்லை.

செய்ய விரும்பும் வாசகர்களுக்காக நாம் அறிந்ததைச் சொல்கிறோம். வறுக்கும்போது 100 கிராம் கொட்டை 80 அல்லது 85 கிராமாகக் குறையும், அது இயல்பு. பச்சைக் கொட்டை, ஈரம் படாமல் வைத்தால், பல மாதம் கெடாது. வறுத்தது இரண்டு மூன்று வாரம் தாங்கும். அரைத்த தூளோ சில நாட்களிலேயே மணத்தை இழக்கிறது. ஆகவே வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வறுத்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைப்பதே இதில் உள்ள முழு இரகசியம். தம்ளர் ஒன்றுக்கு 10 கிராம் தூள் போதும். பில்டரின் மேற்பாத்திரத்தில் தூளைப் பரப்பி, குடையால் மெதுவாக அழுத்த வேண்டும். ஓங்கி அழுத்தினால் நீர் இறங்காது. அழுத்தாமல் விட்டால் வெந்நீர் வெந்நீராகவே ஓடிவிடும். கொதி அடங்கிய நீரை முதலில் தூள் நனையுமளவு தெளித்து, அது உப்பி அடங்கியபின் மீதியை ஊற்றி, இருபது நிமிடம் அதை மறந்துவிட வேண்டும். காலைத் திருப்பலிக்குப் போகும் முன் ஊற்றிவிட்டால், முடிந்து வரும்போது டிகாஷன் இறங்கியிருக்கும். அதை மறுபடி அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுவது பாவத்தில் சேராது என்றாலும் மன்னிப்பதற்கு அரியது.

தண்ணீரும் சுவையை மாற்றுகிறது. மலை ஊற்றுநீரில் தெரிந்த அந்த ஆரஞ்சுத் தோல் மணம், நம் பங்கின் உப்புக் கிணற்று நீரில் மங்கிவிட்டது. சேமித்த மழைநீரில் மீண்டும் தலைகாட்டியது. சிக்கரியைப் பற்றி நம் பங்கில் இரு கட்சிகள் உண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், சிக்கரி இல்லாத காப்பி உப்பில்லாப் பண்டம் என்கிறார். சிக்கரி என்பது ஒருவகைச் செடியின் கிழங்கு. குஜராத்தில் மிகுதியாக விளைகிறது. வறுத்து அரைத்துச் சேர்த்தால் டிகாஷனுக்கு நிறமும் கெட்டித்தன்மையும் கூடும். கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பது நம் நாட்டு விதி. மீதி 49 வரை கிழங்கு இருக்கலாம் என்பது அதன் மறுபக்கம். பாலோடு அருந்துவோருக்குப் பத்துக்கு ஒரு பங்கு தகும் என்பது நம் கருத்து. தலைமையாசிரியர் மூன்று பங்கு கேட்கிறார். பேச்சுவார்த்தை நடைபெறுகிறது.

ஒருநாள் 10 கிராம் தூளுக்கு எத்தனை கொட்டை ஆகிறது என்று எண்ணிப் பார்த்தோம். எழுபத்தெட்டு. பழத்துக்கு இரண்டு எனக் கொண்டால் ஏறக்குறைய நாற்பது பழம். ஒரு தம்ளருக்கு நாற்பது முறை ஒருத்தியின் விரல் எறும்புகளுக்கிடையே போய் வந்திருக்கிறது. பன்னிரண்டு வீடுகளைச் சந்திக்கும் மாலையில் ஐந்நூறு முறை. இப்போதும் வீடு சந்திக்கப் போகிறோம், காப்பியும் குடிக்கிறோம். ஆனால் பாதி தம்ளரை மீதி வைத்துவிட்டு எழுந்திருக்க மனம் வருவதில்லை.

நம் பங்கில் ஒன்பது குடும்பங்கள் இப்போது உபதேசியாரின் மகனிடமிருந்து கொட்டையை நேராகத் தருவித்து, வீட்டில் வறுக்கின்றன. பேருந்து நடத்துநர் மூட்டையை வத்தலக்குண்டில் மாற்றி ஏற்றிவிடுகிறார். ஒன்பது குடும்பத்தால் ஒரு மலை வாழ்ந்துவிடாது. அரை ஏக்கர்க்காரர் ஒருவருக்கு, வியாபாரியின் முகம் பார்க்காமல் பள்ளிக் கட்டணம் கட்ட முடிகிறது. அந்த வீட்டில் இப்போது காலையில் காப்பியும் வடிக்கிறார்களாம்.

இவ்வாண்டு பூ மழை தாமதம் என்று உபதேசியார் ஆள் மூலம் சொல்லியனுப்பியிருக்கிறார். பூத்தது பாதி, காய் பிடித்தது அதிலும் பாதியாம். வரும் தையில் எவ்வளவு அனுப்ப முடியும் என்று இப்போதே சொல்வதற்கில்லை என்கிறார். நம் கையிருப்பு இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சனிக்கிழமைதோறும் தராசில் நிறுத்து நூறு கிராம் மட்டும் வறுக்கிறோம். சமையற்காரர் இப்போது முதல் வெடிக்கு முன்பே முறத்தோடு வந்து நிற்கிறார்.